கயிற்றில் ஒட்டிய மணல்

குளச்சலிலிருந்து கடற்கரை ஓரமாகவே கிழக்கே வந்தால் மண்டைக்காடு. அதைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ‘மணல் கம்பெனி’ ஞாபகம் வரும். வெளியூர்க்காரர்களுக்கு அநேகமாக ஒன்றும் ஞாபகம் வராது. ஆனால், தோரியத்தின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர் யாரும் இந்த ஊரைத் தொடாமல் போக முடியாது.

காரணம், ஒரு கயிறு. நூறு வருஷத்துக்கு முன்னால் திருவிதாங்கூரிலிருந்து தேங்காய் நார்க் கயிறு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு போன மணலை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் சோதித்துப் பார்த்தார். உள்ளே மோனசைட். மோனசைட்டுக்குள் தோரியம். அந்தக் காலத்தில் காஸ் விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம்தான் உயிர். நம்மூர்க் கல்யாண வீடுகளில் ‘உஸ்’ஸென்று எரிந்த பெட்ரோமாக்ஸ் மாண்டிலும் அதே ஜாதிதான். கயிறு போன வழியிலேயே மனுஷன் திரும்பி வந்தார். ஓரிரு வருஷத்தில் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அது அரசாங்கத்தின் இந்தியன் ரேர் எர்த்ஸ் கம்பெனிக்குக் கீழே வந்தது. இன்றைக்கும் அங்கே மணல் பிரிகிறது.

அந்தக் கயிற்றைத் திரித்தவை நம்மூர்க் கைகள். அந்த மணலைத் தலைமுறை தலைமுறையாக மிதித்தவை நம்மூர்க் கால்கள். புத்தி குறைச்சல் என்று யாரும் சொல்ல முடியாது; கடலின் நிறத்தைப் பார்த்து மீன் எங்கே கிடக்கிறது என்று சொல்கிற ஜனம். மணலை அளந்து பார்க்கிற கருவியும், அளந்து பார்க்க வேண்டும் என்கிற பழக்கமும் ஜெர்மனியில் இருந்தன, இங்கே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது இருக்கிறதா? இந்த மாவட்டத்தில் காலேஜுக்குக் குறைச்சல் இல்லை. வருஷா வருஷம் பி.எஸ்ஸி. படித்துப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு பிடி மணலை எடுத்து, ‘இதில் என்ன இருக்கிறது என்று நானே பார்க்கிறேன்’ என்று சொல்லக்கூடியவர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது நேரே நம் லேபுகளில் கொண்டுபோய் விடுகிறது.

தமிழ்நாட்டுக் காலேஜ் லேபில் நடப்பது என்ன என்று படித்த எல்லோருக்கும் தெரியும். தனி ஊசல் சோதனை. பூமி இழுக்கிற முடுக்கம் 9.8 என்று பிளஸ் டூவிலேயே மனப்பாடம். போன வருஷத்து அண்ணனின் ரெக்கார்டு நோட்டு பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டாப் கிளாக்கை அமுக்கிக் கணக்குப் போட்டால் 9.2 வருகிறது. என்ன செய்ய? ரீடிங்கைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினால் 9.79 வந்துவிடும். நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும். 9.2-ஐ அப்படியே எழுதிக் கொடுத்த அப்பாவிக்கு, ‘மறுபடி பண்ணுடே மக்கா’ என்று நோட்டு திரும்பி வரும். ஆக, மூன்று வருஷ லேபில் பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் பாடம், தெரிந்த விடைக்கு ஏற்றபடி பொய்ச் சாட்சி தயாரிப்பது. திதி கொடுக்கிற மாதிரி. மந்திரம் தப்பக் கூடாது. அர்த்தம் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நல்ல கருவி ஒன்று வந்தால் அது கண்ணாடி அலமாரிக்குள் போகிறது. உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆடிட்காரர் வந்து எண்ணுகிறபோது பெட்டியில் எட்டு இருக்க வேண்டும்; அந்த எட்டையும் யாராவது தொட்டார்களா என்று எந்த ஆடிட்டும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர்கள் இன்னொரு அறையில். ஏ.சி. உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, சந்நிதிக்குள் நுழைகிற மாதிரி போக வேண்டும். பிசிக்ஸ் லேபுக்கும் கம்ப்யூட்டர் லேபுக்கும் நடுவே பத்தடி வராந்தா. அந்தப் பத்தடியை எந்த ஒயரும் தாண்டியதில்லை.

தாண்டவைத்தவர்கள் தில்லியில் இருந்தார்கள். பல்கலைக்கழகங்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அங்கே ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. இன்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர். அணுத்துகள்களை முடுக்கி மோதவிடும் பெரிய இயந்திரம் அங்கே ஓடுகிறது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கட்டுப்படுத்துவதும், அதிலிருந்து வருகிற அளவுகளைச் சேகரிப்பதும் பி.பி. அஜித்குமார் என்ற விஞ்ஞானிக்கும் சகாக்களுக்கும் அப்போது தினசரி வேலையாக இருந்தது. 2004 வாக்கில் அவர்கள் அதே வித்தையைச் சின்னதாக்கிக் காலேஜ் லேபுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் ‘பீனிக்ஸ்’. வீட்டில் செய்யக்கூடிய கருவிகளையும் புதுமையான சோதனைகளையும் கொண்டு பிசிக்ஸ் கற்பது என்று அந்தச் சுருக்கெழுத்துக்கு விரிவு.

விஷயம் ரொம்ப எளிமை. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் அந்தக் காலத்தில் பிரிண்டருக்கென்று ஓர் அகலமான ஓட்டை இருக்கும். முதலில் அதில் செருகினார்கள். அப்புறம் சீரியல் போர்ட், அப்புறம் யு.எஸ்.பி. ஒரு முனையில் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக வாங்கிக்கொள்ளும். எந்த நேரத்தில் எவ்வளவு என்று நுணுக்கமாகக் குறித்துக்கொள்ளும். மேலே ஓடுவது லினக்ஸ். சோதனைக்கான புரோகிராம் எழுதுவது பைத்தான் மொழியில். இரண்டும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் தெரியாதவர் பயப்பட வேண்டாம் என்று ஒரு சி.டி.யும் கொடுத்தார்கள். அதைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே எல்லாம் வந்துவிடும். பின்னால் இதுவே ‘எக்ஸ்பைஸ்’ என்ற பெயரில் உள்ளங்கை அளவுப் பெட்டியாகச் சுருங்கியது. 2017-ல் அதன் மேம்பட்ட வடிவம் வந்தது. விலை சில ஆயிரம் ரூபாய். உள்ளே என்ன இருக்கிறது என்ற சர்க்யூட் படம் பகிரங்கம். யாரும் பார்க்கலாம், செய்யலாம், விற்கலாம்.

அதன் செய்முறைக் கையேடு, சும்மா சொல்லக் கூடாது, நல்ல புத்தகம். ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசலின் தலையில் ஒரு சின்ன டி.சி. மோட்டாரைக் கட்டச் சொல்கிறார்கள். ஊசல் ஆடினால் மோட்டாரின் அச்சு இப்படியும் அப்படியும் திரும்பும். மோட்டாரைத் திருப்பினால் மின்சாரம் வரும். அதைக் கம்ப்யூட்டர் வரைந்துகொண்டே போகும். திரையில் அலை அலையாக ஒரு கோடு. கொஞ்ச நேரத்தில் அலை குட்டையாகிறது. ஏன்? காற்றா, அச்சின் உராய்வா? இந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையும் பையனிடம் கேட்டதில்லை. கோடு கேட்டுவிட்டது. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நழுவவிடுகிற சோதனையும் அப்படியே. ஒரு மேடு, ஒரு பள்ளம். இரண்டாவது வருகிற பள்ளம் மேட்டைவிடக் கொஞ்சம் ஆழம், கொஞ்சம் ஒடுக்கம். விழுகிற காந்தம் வேகம் பிடித்துக்கொண்டே போகிறது என்பதை ஃபாரடேயும் நியூட்டனும் சேர்ந்து வந்து ஒரே கோட்டில் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே பொம்மையாகக் காட்டலாமே, கருவி எதற்கு என்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் லேபுகள் பூட்டிக் கிடந்தபோது அந்தப் பொம்மைச் சோதனைகள்தான் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால், திரையில் ஆடுகிற பொம்மை ஊசல் ஒருநாளும் தப்பாக ஆடாது. மின்விசிறிக் காற்று அதன்மேல் படாது. நூல் முறுக்கிக்கொள்ளாது. எழுதிவைத்த சூத்திரத்தை அது திருப்பி ஒப்பிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒப்பிப்பது ஏற்கெனவே நன்றாக வரும். நிஜமான ஊசல் தகராறு பண்ணும். அந்தத் தகராறில்தான் படிப்பு இருக்கிறது.

இதற்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்? ஊசல் ஒருமுறை போய் வர ஒன்றிரண்டு செகண்ட். அதைக் கவனிக்க, கடையில் பளபளக்கிற புதுசு எதற்கு? பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பெட்டியே தாராளம். சொல்லப்போனால் பழசுக்கு ஒரு கூடுதல் யோக்கியதை உண்டு. அதை யாரும் வேறு வேலைக்குக் கேட்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க ஓடவிட்டுவிட்டுப் போகலாம்.

ராத்திரி முழுக்க ஓடவேண்டிய சோதனை ஒன்று மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசலிலேயே இருக்கிறது. கதிரியக்கத்தை எண்ணுவது. கைகர் குழாய் ஒன்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், ஒவ்வொரு கதிர் நுழையும்போதும் ஒரு துடிப்பு வரும். நிமிஷத்துக்கு 25 துடிப்பு வருகிறது என்று வையுங்கள். அடுத்த நிமிஷம் 20 வரலாம், 30 வரலாம். கருவியில் கோளாறு இல்லை, இயற்கையே அப்படித்தான். எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு முன்னே பின்னே ஆடும். 25 எண்ணினால் ஆட்டம் 5. அதாவது நூற்றுக்கு இருபது சந்தேகம். 10,000 எண்ணினால் ஆட்டம் 100. நூற்றுக்கு ஒன்றுதான் சந்தேகம். நிமிஷத்துக்கு 25 வீதம் 10,000 எண்ண 400 நிமிஷம் ஆகும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தால், கரண்ட் போகாமல் இருந்தால், விடிகாலை 5.40-க்கு முடியும். மனுஷனால் ஆகாத காரியம். கண்டம் என்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று, சில வரிப் பைத்தானை வைத்துக்கொண்டு, முணுமுணுக்காமல் செய்யும். இந்த ஒரு சோதனையை முழுசாகச் செய்த பிள்ளை, வாழ்நாளில் எந்த ஒற்றை எண்ணையும் ‘எத்தனை தடவை எண்ணினீர்கள்?’ என்று கேட்காமல் நம்பாது.

(மோனசைட்டைத் தனியே பிரித்து வீட்டில் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிற சரக்கு. கருவியைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணல்மேல் வைத்து எண்ணிவிட்டு வந்தால் போதும்.)

சரி, பழைய கம்ப்யூட்டர் புரிகிறது. மென்பொருள் கட்டற்றதாக இருந்தே ஆக வேண்டுமா? காசு மிச்சம் என்பதற்காகவா? இங்கே தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு அர்த்தம் தந்து குழப்புகிறது. நமக்கு ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. கோயில் வாசலில் கிடைக்கிற சுண்டல் இலவசம். அந்தச் சுண்டலின் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்து, ‘உன் வீட்டில் செய், உப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள், அடுத்த வீட்டுக்கும் சொல்லிக்கொடு’ என்றால் அது கட்டற்றது.

இந்த இயக்கத்தை ஆரம்பித்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கோபம் வந்ததே ஒரு பிரிண்டரால்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். புரோகிராமில் நாலு வரி சேர்த்தால், சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகும். பழைய பிரிண்டரில் அப்படிச் செய்தும் வைத்திருந்தார். புதுசின் மூல நிரலை இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டார். ‘தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்’ என்றார் அவர். 1983-ல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினக்ஸ் வந்து சேர்ந்துகொண்டது.

காலேஜ் லேபுக்கு இந்தக் கதை ரொம்பப் பொருத்தம். பூட்டிய புரோகிராம் ஒன்றில் ரீடிங்கைப் போட்டால் விடை வருகிறது. எப்படி வந்தது? தெரியாது. எந்தச் சூத்திரம், எங்கே தோராயம் பண்ணியது, எதை ஒதுக்கியது? கேட்க முடியாது. அப்படி வந்த விடையை நம்புவதற்கும், சோழி உருட்டிச் சொன்னதை நம்புவதற்கும் என்ன வித்தியாசம்? ‘காட்டு, பார்க்கிறேன்’ என்பதுதான் அறிவியலின் முதல் வார்த்தை. காட்ட மறுக்கிற பெட்டியை நடுவே வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

வகுப்பறைக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் உறவு இன்று நேற்றுப் பிறந்ததில்லை. கணக்குப் போடவும் வரைபடம் போடவும் உலகமே பயன்படுத்தும் ‘ஆக்டேவ்’, அமெரிக்காவில் கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்களின் பாடப் புத்தகத்துக்குத் துணையாக யோசிக்கப்பட்டதுதான். ஆக்டேவ் என்பது ஒரு பேராசிரியரின் பெயர். கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் தோராயக் கணக்குப் போட்டே விடைக்குப் பக்கத்தில் போய்விடுவாராம் ஆக்டேவ் லெவன்ஸ்பீல். நம் ஐ.ஐ.டி. பம்பாயில் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சியில் ‘ஃபாஸி’, ‘ஸ்போக்கன் டுடோரியல்’ என்று இரண்டு திட்டங்கள் வந்தன. இரண்டாவதில் இந்த மென்பொருள்களைப் பற்றிய சின்னச் சின்னப் பாடங்கள் தமிழிலும் பேசுகின்றன.

நாம் என்ன செய்தோம்? விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளைக் கள்ளக் காப்பியாகப் போட்டுக்கொண்டோம். பாடத்திட்டம் கேட்கிறது, காலேஜில் பணமில்லை, ‘யாருடே பார்க்கப்போறா?’ வகுப்பில் நீதிபோதனை, லேபில் திருட்டு. இரண்டையும் ஒரே பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாவிட்டால் பரவாயில்லை. பக்கத்திலேயே பகிரங்கமாக ஒன்று கிடைக்கும்போது எதற்கு இந்தக் கர்மம்?

பக்கம் என்றால் நிஜமாகவே பக்கம். 2001 ஜூலையில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கியது. ஸ்டால்மனே வந்திருந்தார். கேரளத்தின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பின்னால் முழுக்க லினக்ஸுக்கு மாறி, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதிலேயே படித்தார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாமும் அவர்களும் ஒரே ராஜ்ஜியம். இன்றைக்கும் களியக்காவிளை தாண்ட ஒரு பஸ் டிக்கெட் போதும். மீன் தாண்டுகிறது, வாழைக்குலை தாண்டுகிறது, சினிமா தாண்டுகிறது. இந்த யோசனை மட்டும் செக்போஸ்டில் நின்றுவிட்டது.

தமிழ்நாடு முயலவே இல்லை என்றால் அது பொய். 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தில் இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசுக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸைக் கொண்டுவரப் பிடிவாதமாக நின்றார். சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்று இந்திய லினக்ஸ் ஒன்றைத் தயாரித்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். நான் பார்த்த பிள்ளைகளில் அந்த இன்னொரு கதவைத் திறந்தவர்கள் சொற்பம். திறந்தால் உள்ளே என்ன செய்யலாம் என்று ஒரு பாடமும் சொல்லவில்லை, ஒரு மார்க்கும் கொடுக்கவில்லை. ‘விலையில்லா’ என்பதைக் கொடுத்தோம். ‘கட்டற்ற’ என்பதைச் சொல்லவே இல்லை.

இவ்வளவு சொன்னபிறகு கட்டற்ற மென்பொருள் அன்பர்களையும் கொஞ்சம் கேட்கத்தான் வேண்டும். அவர்களில் பலருக்குப் பிரசங்கம் பண்ணுகிற ஆசை ஜாஸ்தி. ஒரு சனிக்கிழமை காலேஜுக்கு வருவார்கள். நாற்பது கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுவார்கள். குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திங்கள்கிழமை பிரிண்டர் வேலை செய்யாது. யாரிடம் கேட்க? புதன்கிழமை பழையபடி கள்ளக் காப்பி ஏறிவிடும். விதை போட்டவன் தண்ணி ஊற்ற வரவில்லை என்றால் நிலத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இன்னொன்று, மொழி. 2012-லிருந்து ‘கணியம்’ போன்ற முயற்சிகள் தமிழில் லினக்ஸும் பைத்தானும் சொல்லிக்கொடுக்கின்றன. கொள்ளாம், நல்ல வேலை. ஆனால், அவற்றைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலையைக் குறிவைத்தவர்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படிக்கிற, தமிழ் மீடியத்தில் வந்த பிள்ளைக்கு, ‘இந்த ஒயரை இங்கே செருகு, இந்த வரியை டைப் பண்ணு, இப்படி வந்தால் இதுதான் காரணம்’ என்று கைபிடித்துக் கூட்டிப்போகிற தமிழ்ப் புத்தகம் அதன் லேப் மேஜைமேல் இல்லை. பீனிக்ஸ் கையேட்டை நல்ல புத்தகம் என்றேன். அதிலும் குறை இதுதான். படிக்கிறவர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவர் என்று எண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். தூத்தூரிலிருந்தும் கடியப்பட்டணத்திலிருந்தும் வருகிற பிள்ளைக்கு அந்தப் பாதி வழிதான் மலை.

பழைய கம்ப்யூட்டர் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. பழசு எல்லாமே பொன் இல்லை. கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது, போர்டு அரித்துப்போகும். உள்ளே இருக்கிற காசு அளவுப் பேட்டரி செத்தால் கடிகாரம் பின்னால் போய், இன்டர்நெட் பக்கங்கள் திறக்க மறுக்கும். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வைத்தியம் அது. தெரியாமல் மிஷினையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ரொம்பப் பழசான 32 பிட் மிஷின்களை லினக்ஸ் உலகமே கைவிட்டு வருகிறது. டெபியன் 2025-ல் வெளியிட்ட பதிப்பை அவற்றில் புதிதாக நிறுவ வழியில்லை. அவற்றுக்கு மரியாதையோடு விடைகொடுத்து, முறைப்படி மின்குப்பைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

காப்பாற்ற வேண்டியவை நடுவயசுக்காரர்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்க, ஏறக்குறைய 2017-க்குப் பிறகு வந்த பிராசஸரும் ஒரு பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதற்கு முந்தைய மிஷின்கள் எத்தனையோ ஆபீஸ்களிலும் காலேஜ்களிலும் எந்த வியாதியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘கண்டம்’ என்று சீல் வாங்கப்போகின்றன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்னதாக ஓர் எஸ்.எஸ்.டி., எடை குறைந்த ஒரு லினக்ஸ். இன்னும் பல வருஷம் ஓடும். பிசிக்ஸ் லேபுக்குப் பத்து, கெமிஸ்ட்ரிக்குப் பத்து என்று கேட்டு வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வராது. செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லக்கூடிய கம்ப்யூட்டர்கள் அவை. கெட்டால் யாரும் அழப்போவதில்லை. அதனாலேயே பிள்ளைகள் தைரியமாகத் திறந்து பார்ப்பார்கள்.

இதெல்லாம் பரீட்சைக்கு அப்பாற்பட்ட பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் மறுபடி மணல் பக்கம் வரவேண்டும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் தாது மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். கடலோர ஊர்கள் கொதித்தன, கூட்டம் தள்ளிப்போனது. ‘மணலைத் தோண்டினால் கதிர்வீச்சு கூடும், கேன்சர் வரும்’ என்று ஒரு பக்கம். ‘கதிருள்ள மணலை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையத்தானே செய்யும்’ என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் எண்களை வீசுகிறார்கள். நடுவே நிற்கிற ஊர்க்காரருக்கு, எண் எங்கிருந்து வந்தது, எத்தனை தடவை அளந்தது, எந்தக் கருவி, சந்தேகம் எவ்வளவு என்று கேட்க ஆளில்லை.

கேரளத்தில் இதே மாதிரி மணலுள்ள கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் எழுதினார்கள். அதை நம்புவதா, அதன் எல்லைகள் என்ன, நம் கரைக்கு எவ்வளவு பொருந்தும்? மண்ணிலிருந்து வருகிற கதிரை எண்ணியது வேறு, தோண்டும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்குள் போவது வேறு என்று பிரித்துப் பார்க்க யாருக்குத் தெரியும்? கைகர் குழாயை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால், 10,000 வரைக்கும் தானே எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு அந்த ஆய்வைக் கையில் எடுத்து வரி வரியாகப் படிக்கிற யோக்கியதை வந்துவிடும். கம்பெனிக்காரரையும் கேள்வி கேட்கும், போராட்டக்காரரையும் கேள்வி கேட்கும். அப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகள் மணவாளக்குறிச்சியைச் சுற்றி இருந்தால், எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

பெரிய நிதி வேண்டியதில்லை. ஒதுக்கிவைத்த கம்ப்யூட்டர், சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டி, கேட்டால் கிடைக்கிற மென்பொருள். கஷ்டமானது ஒன்றே ஒன்று, மார்க் போடுகிற முறை. பிராக்டிகல் பரீட்சையில் 9.8-க்கு மார்க் போடுவதை நிறுத்த வேண்டும். 9.2 வந்தது, ஏன் வந்தது என்று ஒரு பக்கம் எழுதுகிறவனுக்கு முழு மார்க் என்று பல்கலைக்கழகம் ஒரு வரி மாற்றினால், அண்ணனின் ரெக்கார்டு நோட்டுக்கு அன்றோடு மதிப்புப் போய்விடும். அப்புறம் அலமாரிச் சாவியைப் பிள்ளைகளே தேடிக்கொண்டு வருவார்கள்.